ஃபெர்னி குரோவில் என் ஓட்டு எங்கே போனது? (குவீன்ஸ்லாந்து 2015)

கேள்வி, 28 ஜனவரி 2015

89 இடங்களில் 78 இடங்களைப் பிடித்த கட்சி அடுத்த தேர்தலிலேயே ஆட்சியை இழந்ததாக எங்காவது உண்டா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் சனிக்கிழமை நடக்கப்போவது வெறும் சடங்கு. எதிர்க்கட்சியான லேபர் முப்பது இடம் தாண்டினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். பிரிஸ்பேன்வாசிகள் யாராவது மறுத்துப் பேசுங்கள் பார்ப்போம்.

28 ஜனவரி 2015, இரவு

மறுக்க ஆசைதான், மறுக்க முடியவில்லை. நான் ஃபெர்னி குரோவில் இருக்கிறேன். ரயில் பாதை முடியும் இடம், அதற்கப்பால் மலையும் குதிரைப் பண்ணைகளும்தான். 2012இல் இந்தத் தொகுதியும் நீங்கள் சொல்லும் அந்த ஆளுங்கட்சி, எல்என்பி, பக்கம் போனது. லேபருக்கு மாநிலம் முழுக்க மிஞ்சியது ஏழே பேர். ஒரு வேனில் ஏற்றிவிடலாம் என்று ஊரே சிரித்தது. பெரும்பான்மைக்கு ஏழு நாற்பத்தைந்தாக வேண்டும். நடக்கிற காரியமா?

ஒன்று மட்டும் நடக்கலாம். எங்களுக்குப் பக்கத்துத் தொகுதி ஆஷ்குரோவ், முதல்வர் கேம்ப்பெல் நியூமனுடையது. அங்கே போன தடவை அவரிடம் தோற்ற கேட் ஜோன்ஸே மறுபடி நிற்கிறார். நியூமன் தோற்கலாம் என்றுதான் பேச்சு. கட்சி ஜெயித்து முதல்வர் தோற்றால் யார் முதல்வர் என்று நிருபர்கள் தினமும் கேட்கிறார்கள், அவரும் தினமும் நழுவுகிறார்.

மீசை பத்திரமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

29 ஜனவரி 2015

எல்என்பி என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற மாநிலங்களில் லிபரல் கட்சியும் நேஷனல் கட்சியும் தனித்தனி, கூட்டணி வைத்துக்கொள்வார்கள். குவீன்ஸ்லாந்தில் மட்டும் 2008இல் இரண்டும் ஒரே கட்சியாகிவிட்டன. இந்த இணைப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும் (தேவைப்படும் என்று நினைக்கிறேன். இப்படி நான் சொன்ன பல விஷயங்கள் பின்னால் தேவைப்பட்டதே இல்லை).

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்துக்கு மேலவை கிடையாது. 1922இல் ஒழித்துவிட்டார்கள். மேலவையை ஒழிக்க வாக்களிப்பதற்கென்றே ஆட்களை அதற்குள் நியமித்தார்கள். 'தற்கொலைப் படை' என்று பேர். ஆஸ்திரேலிய மாநிலங்களில் ஒற்றை அவை இங்கே மட்டும்தான். அதனால் 78 இடம் கையில் இருந்தால் தடுக்க ஆளில்லை. காலையில் தோன்றியது மாலையில் சட்டம். பைக் கும்பல்களுக்கு எதிரான சட்டங்கள் 2013இல் அப்படித்தான் ஒரே இரவில் நிறைவேறின. அரசு ஊழியர்கள் பயப்பட வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்னால் சொன்ன அரசு, வந்த வருடமே 14,000 வேலையிடங்களைக் குறைத்தது. சரி, இவ்வளவும் செய்தவர்கள் கொஞ்சம் இடங்களை இழப்பார்கள். ஆட்சியையே இழப்பார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

30 ஜனவரி 2015

'99 வருடக் குத்தகை விற்பனை ஆகுமா?' என்று கேட்டவருக்கு.

அரசு சொல்வது: மாநிலத்துக்குக் கடன் ஏறிவிட்டது, மின்கம்பி நிறுவனங்களையும் துறைமுகங்களையும் 99 வருடம் குத்தகைக்கு விட்டால் 37 பில்லியன் டாலர் வரும், உரிமை நம்மிடமே இருக்கும். வீட்டை 99 வருடத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பத்திரத்தை அலமாரியில் வைத்துக்கொள்கிறவர் வீட்டுக்காரர்தானா? சட்டப்படி ஆமாம். அவருடைய பேரனுக்கும் சாவி கிடைக்காது, அவ்வளவுதான்.

லேபர் இதைப் பேச வாய் கூச வேண்டும். அன்னா பிளை அரசு 2009 தேர்தலில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜெயித்துவிட்டு, அப்புறம் சரக்கு ரயிலையும் பிரிஸ்பேன் துறைமுகத்தையும் கைமாற்றியது. 2012இல் ஏழாகச் சுருங்கியதற்கு அது பெரிய காரணம். நியூமன் குறைந்தபட்சம் தேர்தலுக்கு முன்னாலேயே சொல்கிறார். நேர்மைக்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் ஓட்டாக மாறுமா என்பது வேறு.

31 ஜனவரி 2015, மதியம்

ஓட்டுப் போட்டாயிற்று. எங்கள் வட்டாரப் பள்ளி, வாசலில் கொளுத்தும் வெயில், சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, பச்சைச் சட்டை எல்லாரும் ஆளுக்கொரு அட்டையை நீட்டுகிறார்கள். உள்ளே பெற்றோர் சங்கத்தின் சாசேஜ் கடை. மனைவி சைவம். ரொட்டியில் வதக்கிய வெங்காயத்தை மட்டும் வைத்து வாங்கிக்கொண்டாள். அதற்கும் முழு விலைதான்.

இந்த முறை புதுசாக அடையாள அட்டை கேட்டார்கள். வேறெந்த மாநிலத்திலும் இல்லாத வழக்கம். எனக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற மூதாட்டி கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாற்பது வருடமாக இதே பள்ளியில் ஓட்டுப் போடுகிறேன் என்றார். திருப்பி அனுப்பவில்லை, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி ஓட்டை உறையிலிட்டுத் தனியாக வைத்தார்கள்.

தொழிற்சங்கக்காரர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எல்என்பியைக் கடைசியில் போடுங்கள். நான் யாரையும் கடைசியில் போடவில்லை. பசுமைக் கட்சிக்கு '1' போட்டேன், மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டேன், மடித்துப் பெட்டியில் போட்டேன். மனைவி எல்லாக் கட்டங்களையும் நிரப்பியதாகச் சொன்னாள். "எதற்கு வீண் வேலை?" என்றேன். "பென்சில் அவர்களுடையதுதானே" என்றாள்.

31 ஜனவரி 2015, இரவு 11:40

என்ன நடக்கிறது இங்கே?

நியூமன் போய்விட்டார். ஆஷ்குரோவ் போய்விட்டது. மேடையேறி, அரசியல் வாழ்க்கை முடிந்தது என்று அவரே சொல்லிவிட்டார். லேபர் முன்னால் இருக்கிறது. முப்பதெல்லாம் எட்டு மணிக்கே தாண்டியாயிற்று.

மீசைக்காரரே, எங்கே இருக்கிறீர்கள்?

1 பிப்ரவரி 2015

தூக்கமில்லை. முதலில் என் பிழைகள்.

ஏழிலிருந்து நாற்பத்தைந்து என்று எழுதினேன். தவறு. போன வருடம் ரெட்கிளிஃப், ஸ்டாஃபோர்ட் இரண்டு இடைத்தேர்தல்களிலும் லேபர் ஜெயித்திருந்ததால் கையில் ஒன்பது இருந்தது. எல்என்பியிடமும் 78 இல்லை. அந்த இரண்டும் போய், மூன்று பேர் கட்சியை விட்டும் போய், 73 ஆகியிருந்தது. ஸ்டாஃபோர்டில் ஓட்டு ஏறக்குறைய 19 சதவீதம் திரும்பியது. அன்றைக்கே மணியடித்திருக்கிறது. இடைத்தேர்தல் என்றால் மக்கள் கோபத்தைக் காட்டுவார்கள், பொதுத்தேர்தலில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நான்தான் இங்கே பாடம் எடுத்தேன். பழைய இழையைத் தோண்ட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சுவையான விஷயம். பதவியில் இருக்கும் குவீன்ஸ்லாந்து முதல்வர் சொந்தத் தொகுதியிலேயே தோற்பது நூறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் தோற்றவர் டிக்பி டென்ஹாம், 1915இல். ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கியது அவருடைய அரசுதான், ஆஸ்திரேலியாவிலேயே முதலில். தொழிற்சங்கக்காரர்கள் தங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், நம் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், எல்லாரையும் வரவழைத்தால் நமக்குத்தான் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். எல்லாரும் வந்தார்கள். வந்து டென்ஹாமையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் மனைவி ரசித்துச் சிரித்தாள். பிறகு, "நீ மட்டும் வந்தும் வராத மாதிரி ஒரு ஓட்டுப் போட்டாய்" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

1 பிப்ரவரி 2015, மாலை

பிரசாரத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். லேபர் தலைவர் அனஸ்டேசியா பாலஷே கடைசி நேரத்தில் வானொலிப் பேட்டி ஒன்றில் ஜிஎஸ்டி எத்தனை சதவீதம் என்ற கேள்விக்குத் திணறினார். பத்து. பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒருபக்கம் அது. மறுபக்கம், தேர்தலுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, ஆஸ்திரேலியா தினத்தன்று, பிரதமர் டோனி அபட் இளவரசர் பிலிப்புக்கு சர் பட்டம் கொடுத்தார். எடின்பரோ கோமகனுக்கு இன்னும் என்ன பட்டம் பாக்கி இருந்தது என்று எல்என்பிக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இவை இரண்டும் எத்தனை ஓட்டை அசைத்தன என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

3 பிப்ரவரி 2015

இப்போதுதான் என் ஓட்டுக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், தேநீர் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கூட்டாட்சித் தேர்தலில் கீழவைச் சீட்டில் எல்லாக் கட்டங்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். கடைசி ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் போகட்டும் என்று விடுவார்கள், அதற்கு மேல் விட்டால் செல்லாது. குவீன்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் 1992 முதல் அப்படியில்லை. ஒன்று மட்டும் போட்டாலும் செல்லும், இரண்டு போட்டாலும் செல்லும், விருப்பம்போல் நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணும்போது குறைந்த ஓட்டு வாங்கியவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். அடுத்த எண் இல்லாத சீட்டு அதோடு தீர்ந்தது. தீர்ந்த சீட்டுகளுக்கென்று தனிக் குவியல். கடைசி இரண்டு பேருக்குள் யார் என்ற சண்டையில் அந்தக் குவியலுக்குப் பேச்சில்லை.

ஃபெர்னி குரோவில் கடைசி இரண்டு பேர் லேபரும் எல்என்பியும். என் பசுமைச் சீட்டு தீர்ந்த குவியலில் கிடக்கிறது. மனைவி சொன்னது இதைத்தான். நான் வரிசையில் நின்றேன், அடையாள அட்டை காட்டினேன், பெயரை அடித்தார்கள், ஆனால் யார் ஆளவேண்டும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிது, 2001. முதல்வர் பீட்டர் பீட்டி ஊர் முழுக்கச் சொன்னது: 'ஒன்று மட்டும் போடுங்கள்'. அப்போது வலதுபக்கம் மூன்றாக உடைந்து கிடந்தது: லிபரல், நேஷனல், ஒன் நேஷன். அவர்களுடைய ஓட்டுகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகாமல் தீர்ந்து போனால் லேபருக்குக் கொண்டாட்டம். அற்புதமாகப் பலித்தது. அதாவது, கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு இந்த மாநிலத்துக்குப் பாடம் எடுத்தவர்களே லேபர்காரர்கள்தான்.

அப்புறம் 2008இல் வலதுபக்கம் ஒரே கட்சியானது (பின்னால் தேவைப்படும் என்றேனே). உடைந்திருப்பது இப்போது இடதுபக்கம்: லேபர், பசுமை. கசிவு லேபரின் பாத்திரத்தில். 2012இல் 'ஒன்று மட்டும் போடுங்கள்' என்பதால் ஆதாயம் அடைந்தது எல்என்பி. இந்த முறையும் அவர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

கருத்துக்கணிப்புக்காரர்கள் சறுக்கியதும் இங்கேதான். 2012இல் பசுமைக்காரர்களில் எத்தனை பேர் இரண்டாம் எண் போட்டார்களோ அதே விகிதத்தை 2015க்கும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் இந்த முறை பலர் என் மனைவி மாதிரி எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருக்கிறார்கள். முதல் விருப்பத்தில் எல்என்பிதான் முன்னால், 41 சதவீதத்துக்கு மேல். லேபர் 37 அரை. அப்புறமும் லேபர் முந்துகிறது என்றால் இரண்டாம் எண்கள் செய்த வேலை.

என்னை மாதிரி மீதிப் பேரும் இருந்திருந்தால் நியூமனின் கட்சி இன்றும் ஆட்சியில். எனக்கு நியூமன் வேண்டாம் என்பது இருபது வருடப் பழக்கமுள்ள என் மனைவிக்குத் தெரியும், ஓட்டுச் சீட்டுக்குத் தெரியாது.

4 பிப்ரவரி 2015

"பசுமைக்கு மட்டும் போட்டது ஒரு கொள்கை நிலைப்பாடு, வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்டவருக்கு: கொள்கையாக இருந்திருந்தால் வெட்கமில்லை. அது சோம்பல். கொள்கை என்று நேற்று ராத்திரி எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது, மனைவி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

6 பிப்ரவரி 2015

எண்ணிக்கை ஏறக்குறைய இங்கே நிற்கிறது: லேபர் 44, எல்என்பி 42, சிறிய கட்சியான கேட்டர் கட்சி 2, சுயேச்சை 1. வேண்டியது 45. ஒற்றை ஆள் பீட்டர் வெலிங்டன், சன்ஷைன் கோஸ்ட் பக்கம் நிக்ளின் தொகுதி. லேபருக்கு ஆதரவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சொத்துகளை விற்கக் கூடாது, அரசு பொறுப்போடு நடக்க வேண்டும் என்பவை அவர் நிபந்தனைகள். மற்ற மசோதாக்களுக்கு அதனதன் தகுதி பார்த்துத்தான் ஓட்டு.

வேடிக்கை, இதே மனிதர் 1998இல் முதன்முறை அவைக்கு வந்தபோதும் இதே நிலைமை. அப்போதும் லேபருக்கு 44. அப்போதும் இவர் கையைத் தூக்கினார், பீட்டி முதல்வரானார். பதினேழு வருடம் கழித்து அதே எண், அதே கை. சம்பந்தம் பேசி முடிப்பதற்கென்றே சில ஊர்களில் ஒரு பெரியவர் இருப்பார், அந்த மாதிரி.

9 பிப்ரவரி 2015

குண்டு விழுந்திருக்கிறது, அதுவும் எங்கள் தெருவில்.

ஃபெர்னி குரோவில் நின்ற, கிளைவ் பாமர் என்ற கோடீஸ்வரரின் கட்சி வேட்பாளர் திவாலானவராம், திவால் நிலை இன்னும் நீங்கவில்லையாம். அப்படிப்பட்டவர் நிற்கவே கூடாது. தேர்தல் ஆணையம் இதைத் தேர்தல் வழக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்கிறது. லேபரின் 44இல் எங்கள் தொகுதியும் ஒன்று. வித்தியாசம் நானூற்றுச் சொச்சம். அவர் வாங்கிய ஓட்டு ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆயிரம் நானூறைவிடப் பெரிது. அப்படியானால் மறுதேர்தல் நிச்சயம். ஒரு மாநிலத்தின் ஆட்சி எங்கள் பள்ளி வாசலில் மறுபடி தீர்மானமாகப் போகிறது. இந்த முறை எல்லாக் கட்டத்தையும் நிரப்புவேன், சத்தியம்.

1995 நினைவுக்கு வருகிறது. அப்போதைய லேபர் முதல்வர் வெய்ன் காஸ் அப்படித்தான் தோற்றார். டவுன்ஸ்வில்லில் மண்டிங்பரா தொகுதி, 16 ஓட்டு.

(கான்பெராவில் இன்று காலை பிரதமர் அபட்டை அவர் கட்சிக்காரர்களே கவிழ்க்கப் பார்த்தார்கள். 61க்கு 39, தப்பித்தார். குவீன்ஸ்லாந்துக் காற்று தெற்கே வீசுகிறது.)

10 பிப்ரவரி 2015

டவுன்ஸ்வில்காரர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. காஸ் 1995இல் தோற்கவில்லை, ஒரே ஓர் இடம் கூடுதலாக வைத்து ஜெயித்தார். அந்த 16 ஓட்டு வித்தியாசத்தில் மண்டிங்பராவைப் பிடித்தது லேபர். ஆனால் அந்தச் சமயம் ருவாண்டாவில் பணியில் இருந்த 22 ராணுவ வீரர்களின் ஓட்டு எண்ணிக்கைக்கு வந்து சேரவில்லை. 22 பெரிது, 16 சிறிது. நீதிமன்றம் மறுதேர்தல் வைக்கச் சொன்னது. லேபர் ஜெயித்த தன் ஆளையே ஒதுக்கிவிட்டு டவுன்ஸ்வில் மேயரை நிறுத்தியது, ஒதுக்கப்பட்டவர் சுயேச்சையாக நின்றார், 1996 பிப்ரவரியில் லிபரல் ஜெயித்தது. கிளாட்ஸ்டன் தொகுதிச் சுயேச்சை லிஸ் கன்னிங்ஹம் அந்தப் பக்கம் சாய, ஆட்சி கைமாறியது. அதே லிஸ் கன்னிங்ஹம் இந்தத் தேர்தலோடுதான் ஓய்வு பெற்றார்.

ஆக, பொதுத்தேர்தலில் ஜெயித்த ஆட்சி ஒரு தொகுதியின் மறுதேர்தலில் போயிருக்கிறது. அதனால்தான் எங்கள் தெருவில் எல்லாருக்கும் வயிற்றில் புளி.

12 பிப்ரவரி 2015

என் கணக்கையும் திருத்திக்கொள்கிறேன். 'ஆயிரம் நானூறைவிடப் பெரிது' என்றது அவசரம். எண்கள் இப்போது உறுதி: வித்தியாசம் 466, பாமர் ஆள் வாங்கியது 993.

மண்டிங்பராவில் அந்த 22 பேர் எண்ணப்படவே இல்லை. இங்கே அந்த 993 பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், இரண்டாம் எண் போட்டவர்களின் சீட்டு ஏற்கெனவே லேபருக்கோ எல்என்பிக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஆள் நிற்காமலிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதுதான் கேள்வி. உத்தேசமாகப் பார்ப்போம். இப்போது அவர்கள் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவை மாற்ற 993 பேரில் 730 பேர் எல்என்பிக்கும் 263 பேர் லேபருக்கும் போயிருக்க வேண்டும். அதுவும் ஒருவர்கூடப் பாக்கியில்லாமல். பத்தில் நாலு பேர் என்னை மாதிரி சோம்பேறி என்றால் மீதி 596 பேரில் 532 பேர் ஒரே பக்கம் சாய வேண்டும். இரண்டு பெரிய கட்சிகளும் பிடிக்காமல்தானே பாமரின் மஞ்சள் போஸ்டருக்குப் போனார்கள், அவர்கள் இப்படி அணிவகுத்து நிற்பார்களா?

அடப்பாவி, தீர்ந்த சீட்டுகளால்கூட ஓர் உபயோகம் இருக்கிறது.

14 பிப்ரவரி 2015

பாலஷே இன்று பதவியேற்றார். கூடவே இரண்டே அமைச்சர்கள், மற்றவர்கள் அப்புறம். எதிர்க்கட்சித் தலைவியாக இருந்து தேர்தலில் ஜெயித்து மாநில முதல்வரான முதல் பெண், ஆஸ்திரேலியாவிலேயே. இதற்கு முன் வந்தவர்கள் ஆட்சியில் இருந்த கட்சி நடுவில் மாற்றி உட்கார வைத்தவர்கள்.

இனாலா தொகுதி. அப்பா ஹென்றி பாலஷே இருந்த தொகுதியில் மகள். வாரிசு அரசியல் என்று நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் ஏழு பேரை வைத்துக்கொண்டு, கேலியையும் தாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் ஊர் ஊராய்ப் போயிருக்கிறார். ஜிஎஸ்டியில் திணறியவர் என்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எழுதியது உண்மைதான், ஆனால் அவரைப் பற்றி இத்தனை நாளில் நான் எழுதியது அது ஒன்றுதான் என்பது உறுத்துகிறது.

17 பிப்ரவரி 2015

அமைச்சரவை 14 பேர், அதில் 8 பெண்கள். மனைவி செய்தியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள்.

3 மார்ச் 2015

மறுதேர்தல் இல்லை. சட்ட ஆலோசனை கேட்டபின், நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று ஆணையம் முடிவெடுத்தது. எல்என்பியும் போகவில்லை. நான் செய்த சத்தியத்துக்கு இப்போதைக்கு வேலையில்லை.

மீசைக்காரர் ஒரு மாதம் கழித்துத் தலைகாட்டியிருக்கிறார். முப்பது என்றது லேபரின் வாக்குச் சதவீதத்தை என்கிறார். அதுவும் 37 அரை, ஐயா. எப்படிப் பார்த்தாலும் கத்திதான்.

2 ஏப்ரல் 2015

லேபர் 43 ஆகிவிட்டது. குக் தொகுதி உறுப்பினரின் பழைய குற்றப் பின்னணி வெளிவர, அவர் கட்சியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் பதவி விலகவில்லை, சுயேச்சையாக உட்கார்ந்துகொண்டார். அரசு ஒற்றைக் காலில் நிற்கிறது.

22 ஏப்ரல் 2016

ஒரு வருடம் கழித்து இந்த இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

நேற்று சட்டமன்றத்தில் நடந்தது. தொகுதிகளை 89இலிருந்து 93ஆக உயர்த்த எல்என்பி ஒரு மசோதா கொண்டுவந்தது. கேட்டர் கட்சியின் ஆதரவு இருந்ததால் நிறைவேறிவிடும் என்று தெரிந்தது. லேபர் என்ன செய்தது? அதே மசோதாவின் வாலில் ஒரு திருத்தத்தைக் கட்டிவிட்டது: இனி மாநிலத் தேர்தலிலும் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும், ஒன்று மட்டும் போடுவது முடிந்தது. பதினெட்டே நிமிட முன்னறிவிப்பு. குழுவும் இல்லை, விசாரணையும் இல்லை. நிறைவேறியது. எல்என்பி தன் மசோதா நிறைவேறுவதையும் அழுதுகொண்டே பார்த்திருக்கும்.

எனக்கு இதில் இரண்டு மனசு. வெறும் கட்டத்தால் சூடுபட்டவன் என்ற முறையில், இந்த விதி எனக்குப் பிடிக்க வேண்டும். ஆனால் பதினெட்டு நிமிடத்தில் தேர்தல் முறையையே மாற்றுவதை நியூமன் செய்திருந்தால் இந்த இழையில் நான் என்ன எழுதியிருப்பேன்? மேலவை இல்லாத குறையைப் பற்றி 2015 ஜனவரியில் நீட்டி முழக்கினேனே, அது லேபருக்கும் சேர்த்துத்தான். 'ஒன்று மட்டும் போடுங்கள்' என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்த கட்சியே அதை ஒழித்திருக்கிறது. கொள்கை என்கிறார்கள். இருக்கட்டும். என் சோம்பலைக்கூட நான் ஒரு ராத்திரி கொள்கை என்றவன்தான்.

23 ஏப்ரல் 2016

"அப்படியானால் இனி உங்கள் ஓட்டு தீராது, சந்தோஷம்தானே?" என்கிறார் ஒருவர். தெரியவில்லை. எனக்குப் பிடிக்காத இரண்டு பேரில் யாரைக் குறைவாகப் பிடிக்கவில்லை என்று அரசாங்கம் கேட்டு வாங்குகிறது. கேட்கிற உரிமை அதற்கு உண்டா என்று நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் விவாதம். முடிவில்லை. ரசம் ஆறிப்போனது.

25 நவம்பர் 2017

இன்று மறுபடி தேர்தல். அதே பள்ளி, அதே வெயில், வெங்காய ரொட்டி. அடையாள அட்டை கேட்கவில்லை, அந்த விதியை 2015லேயே எடுத்துவிட்டார்கள்.

மனைவி ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கடைப் பக்கம் போய்விட்டாள். நான் அட்டைத் தடுப்புக்குள் 1 போட்டேன், 2 போட்டேன். கடைசி இரண்டு கட்டங்களில் நின்றுவிட்டேன். ஒருவரைக் கடைசியில் போட்டேன். மனம் மாறி அடித்துவிட்டு மற்றவரைப் போட்டேன். இப்போது எது மூன்று, எது நான்கு என்று எனக்கே தெரியவில்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் போய், கெட்டுப்போய்விட்டது, வேறு சீட்டுக் கிடைக்குமா என்று கேட்டேன். பழையதை வாங்கி மேலே ஏதோ எழுதி ஓர் உறையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கொடுத்தார்.

"அவசரமில்லை" என்றார். எனக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி வெயிலில் நின்றது.